ரோலர் கோஸ்டரின் தந்தை ஒரு சாக்ஸ் தயாரிப்பாளர்: லாமார்கஸ் தாம்ப்ஸன் யார்?

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஷூ வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, உள்ளே விரல் பக்கம் ஒரு தையல் உரசினால் கதை முடிந்தது. வாங்கியவர் மறுநாள் அதைத் தொடமாட்டார். சாக்ஸுக்கும் இதே கதைதான்.

அமெரிக்காவில் சுமார் 150 வருடங்களுக்கு முன்பு, இந்தத் தையலை ஒழித்தே ஆக வேண்டும் என்று இறங்கிய ஒரு தச்சர் இருந்தார். தையல் இல்லாத காலுறை செய்து பணம் பார்த்தார். பிறகு அந்தத் தொழிலை விட்டுவிட்டு, மனிதர்களை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உருட்டிவிடும் வண்டி செய்யக் கிளம்பினார். அவர் பெயர் லாமார்கஸ் அட்னா தாம்ப்ஸன். ரோலர் கோஸ்டரின் தந்தை என்று உலகம் அழைப்பது இவரைத்தான்.

ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து இளைஞர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் கூடுதல் நெருக்கம். இவர்கள் ஊர் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் பிடதியில் வொண்டர்லா. இன்னொரு பக்கம் திருப்போரூர் அருகே புதிதாக வந்திருக்கும் வொண்டர்லா. ஆபீஸ் டூர் என்றால் இரண்டில் ஒன்று. பஸ் கிளம்பியதும் வழக்கமான பேச்சு ஆரம்பிக்கும். கோஸ்டரில் ஏறலாமா, கழுத்து பிடித்துக்கொள்ளுமா, காலையில் பிரியாணி சாப்பிட்டது தப்பா?

பயமும் வேண்டும், உடம்பும் தாங்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே சீட்டில் உட்கார வைப்பது எப்படி என்பதுதான் கோஸ்டர் தொழிலின் மொத்த வரலாறு. அதில் தாம்ப்ஸன் எடுத்த பக்கம் கொஞ்சம் ஆச்சரியமானது.

தச்சு வேலையிலிருந்து காலுறைக்கு

1848 மார்ச் 8-ம் தேதி ஓஹையோ மாநிலத்தில் ஜெர்ஸி என்ற சிறிய ஊரில் தாம்ப்ஸன் பிறந்தார். வளர்ந்தது மிச்சிகன் மாநிலத்தின் ஹில்ஸ்டேலில். சின்ன வயதிலேயே கை வேலையில் கெட்டிக்காரர். பன்னிரண்டு வயதில் அம்மாவுக்கு வெண்ணெய் கடையும் கருவியும் அப்பாவுக்கு மாட்டு வண்டியும் செய்து கொடுத்ததாக அவரைப் பற்றி எழுதுபவர்கள் தவறாமல் சொல்வார்கள். பெரிய மனிதர்களின் பால்யக் கதைகளை எப்போதும் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் பதின்ம வயது முடிவதற்குள் அவர் நல்ல தச்சராகிவிட்டார் என்பதில் சந்தேகமில்லை.

பிறகு இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகருக்குப் போனார். அங்கேதான் தையல் இல்லாத காலுறை பின்னுவதற்கான இயந்திரத்தை உருவாக்கினார். ஈகிள் நிட்டிங் கம்பெனி என்ற பெயரில் தொழில் வளர்ந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் முழங்கால் தாண்டும் நீளக் காலுறை அணிந்தார்கள். மார்க்கெட் பெரியது, லாபமும் வந்தது.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஓயாத வேலையில் உடல்நலம் கெட்டு, கம்பெனிப் பொறுப்பிலிருந்து விலக வேண்டியதாயிற்று. முப்பதுகளில் கையில் பணம், கூடவே வேலை செய்ய முடியாத உடம்பு. அந்த ஓய்வுக் காலத்தில்தான் உருளும் வண்டி பற்றிய யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது.

கழுதைகள் சவாரி போன ரயில்

யோசனை வானத்திலிருந்து விழவில்லை. ரஷ்யாவில் குளிர்காலத்தில் மரச்சட்டம் கட்டி, மேலே தண்ணீர் ஊற்றிப் பனிச்சறுக்கு செய்து விளையாடுவது ரொம்பப் பழைய வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் ரோலர் கோஸ்டரை ரஷ்ய மலைகள் என்றுதான் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் இருந்த முன்னோடி இன்னும் சுவாரஸ்யமானது. பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்ற மலை ஊர். 1827-ல் அங்கே நிலக்கரியை மலையிலிருந்து இறக்க ஒரு ரயில் பாதை போட்டார்கள். எஞ்சின் கிடையாது. சரிவில் வண்டி தானாக உருண்டு கீழே போகும். காலி வண்டியை மேலே இழுக்கக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளும் கீழே இறங்கும்போது நிலக்கரி வண்டியோடு சேர்ந்து ஒரு தனி வண்டியில் சவாரி போகும். சவாரி பழகிய கழுதைகள் பிறகு மலையிலிருந்து நடந்து இறங்கவே மறுத்ததாக ஒரு கதை உண்டு. 1870-களில் நிலக்கரிக்கு வேறு பாதை வந்ததும் இந்த ரயில் முழுக்க முழுக்கச் சுற்றுலாப் பயணிகளுக்கானதாக மாறியது. காசு கொடுத்து, மலை மேலிருந்து உருண்டு வர, ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

மலை இருக்கும் ஊருக்குத்தான் இந்த அதிர்ஷ்டமா? மரத்தில் ஒரு மலையைக் கட்டினால் என்ன? இந்தக் கேள்வியை மற்றவர்களும் கேட்டார்கள். தாம்ப்ஸனுக்கு முன்பே காப்புரிமை வாங்கியவர்கள்கூட இருந்தார்கள். ஆனால் கட்டி, ஓட்டி, ஜனங்களை உட்கார வைத்துக் காட்டியவர் தாம்ப்ஸன். அதனால்தான் தந்தைப் பட்டம் அவருக்குப் போனது.

1884 ஜூன் 16

இடம், நியூயார்க் அருகே கோனி ஐலண்ட் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தொழிலாளர் கூட்டம் ரயில் பிடித்து வந்து இறங்கும். கடல் இருந்தது. அதைவிட அதிகமாக மதுக்கடைகள், சூதாட்டம், இன்னும் சொல்ல வேண்டாத இடங்கள் இருந்தன. தாம்ப்ஸன் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திய பக்தர். வாரம் முழுக்க ஃபேக்டரியில் வேலை செய்தவன் தன் ஒரே ஒரு லீவு நாளைக் குடித்துத் தொலைக்கிறானே என்பது அவருக்கு உண்மையான கவலை. குடும்பத்தோடு போகக்கூடிய, கெட்ட பெயர் இல்லாத ஒரு சந்தோஷத்தை அதே விலையில் கொடுத்தால் என்ன என்று நினைத்தார். டிக்கெட் 5 சென்ட். அன்றைக்கு ஒரு கிளாஸ் பியரின் விலையும் ஏறத்தாழ அதுதான்.

இப்போது அந்த ரைடைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இன்றைய கோஸ்டரில் ஏறியவர்களுக்கு அது சிரிப்பை வரவழைக்கும்.

சுமார் 50 அடி உயர மர மேடை. அதில் படியேறிப் போக வேண்டும். மேலே ஒரு பெஞ்ச் வண்டி. ஆனால் பயணிகள் முன்பக்கம் பார்த்து உட்காரவில்லை. பார்க் பெஞ்சில் உட்காருவது போல, பக்கவாட்டில் பார்த்து உட்கார்ந்தார்கள். கடலை வேடிக்கை பார்க்க வேண்டுமே! வண்டி சுமார் 600 அடி தூரம் மெதுவாக ஏறி இறங்கி எதிர்முனைக்குப் போகும். வேகம் மணிக்கு 6 மைல், அதாவது 10 கிலோமீட்டருக்கும் குறைவு. காட்பாடி பாலத்தில் நெரிசலில் ஊர்ந்து போகும் ஷேர் ஆட்டோவின் வேகம். எதிர்முனையில் எல்லோரும் இறங்க வேண்டும். ஊழியர்கள் வண்டியை அங்கிருக்கும் மேடைக்குத் தள்ளி ஏற்றி, பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாற்றுவார்கள். திரும்ப ஏறினால் இன்னொரு தடவை உருண்டு பழைய இடத்துக்கு வரலாம்.

இவ்வளவுதான். இதற்குத்தான் கூட்டம் அலைமோதியது. நாளொன்றுக்கு 600 டாலர் வசூலானதாகப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். 5 சென்ட் டிக்கெட்டில் 600 டாலர் என்றால் 12,000 டிக்கெட். 12 மணி நேரம் ஓட்டினாலும் மணிக்கு 1,000 பேர். இன்றைய பெரிய கோஸ்டர்களே தொடும் எண்ணிக்கை அது. கையால் தள்ளிய வண்டிக்கு இது கொஞ்சம் ஓவர். எப்படியிருந்தாலும் நல்ல வசூல் என்பது மட்டும் நிச்சயம். 1885 ஜனவரி 20-ல் அவருக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

போட்டியாளர்கள் முகத்தைத் திருப்பினார்கள்

வெற்றி பெற்ற தொழிலில் பக்கத்துக் கடை முளைக்க எவ்வளவு நாளாகும்? அதே 1884-ல் சார்லஸ் அல்கோக் என்பவர் தண்டவாளத்தை வட்டமாக வளைத்து, ஏறிய இடத்திலேயே இறங்கும்படி செய்தார். நடுவில் இறங்கி ஏறும் தொல்லை ஒழிந்தது. அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹிங்கிள் என்பவர், வண்டியையும் பயணிகளையும் சேர்த்து மேலே இழுக்கும் இயந்திர ஏற்றத்தைக் கொண்டுவந்தார். படியேறும் தொல்லையும் ஒழிந்தது. கூடவே பயணிகளை முன்பக்கம் பார்த்து உட்கார வைத்தார்.

இந்தக் கடைசி மாற்றம்தான் பெரியது. பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்குப் பள்ளம் வருவது தெரியாது. முன்னால் பார்ப்பவருக்கு அது தெரியும். வண்டி இன்னும் விழவே இல்லை, ஆனால் வயிற்றில் பயம் ஆரம்பித்துவிடும். ஏறும்போது வரும் அந்த டக் டக் சத்தத்தில் பாதி த்ரில் இருக்கிறது என்பதைக் கோஸ்டரில் ஏறியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

தாம்ப்ஸன் என்ன செய்தார்? வேகத்தில் போட்டி போடவில்லை. 1887-ல் அட்லாண்டிக் சிட்டியில், ஜேம்ஸ் கிரிஃபித்ஸ் என்பவரோடு சேர்ந்து ஸீனிக் ரயில்வே என்ற புதுச் சரக்கை இறக்கினார். வண்டி இருட்டுக் குகைக்குள் நுழையும். நெருங்கியதும் பட்டென்று விளக்குகள் எரியும். சுவரெல்லாம் ஓவியங்கள், வெளிநாட்டுக் காட்சிகள், பைபிள் காட்சிகள். மின்விளக்கே பல வீடுகளில் இல்லாத காலம். பயமுறுத்துவதைவிட அசர வைப்பதுதான் அவர் பாணி. இன்று தீம் பார்க்குகளில் கதை சொல்லிக்கொண்டே போகும் இருட்டு ரைடுகளுக்கெல்லாம் மூதாதை இதுதான். 1888-க்குள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுமார் 50 இடங்களில் அவருடைய வண்டிகள் ஓடின. 1895-ல் சொந்தமாக ஸீனிக் ரயில்வே கம்பெனி தொடங்கினார்.

அவர் மென்மையாக ஓட்டியதற்குக் குணம் மட்டும் காரணமில்லை. அந்தக் கால வண்டி தண்டவாளத்தின் மேல் தன் எடையால் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். கீழேயிருந்து பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. மேட்டில் வேகமாக ஏறினால் வண்டி அப்படியே மேலே எழும்பி, பாதையை விட்டே போய்விடும். அதனால் மேடுகள் தாழ்வாகவும் சரிவுகள் மெதுவாகவும்தான் இருக்க முடியும். வண்டியில் பிரேக்மேன் ஒருவர் நின்று, வேகம் கூடும் இடத்தில் லீவரை இழுப்பார். பயணிகளின் பாதுகாப்பு அவர் கையில்.

கழுத்தை உடைத்த வட்டம்

தாம்ப்ஸனின் எதிர்த்திசையில் போனவர்களின் கதை என்ன ஆனது? அதே கோனி ஐலண்டில், 1895-ல் திறந்த ஸீ லயன் பார்க்கில் ஃபிளிப் ஃபிளாப் என்ற ரைடு வந்தது. தலைகீழாகச் சுற்றிவரும் வட்டம். வட்டத்தின் விட்டம் 25 அடி. வட்டம் என்றால் காம்பஸ் வைத்து வரைந்த, அசல் வட்டம்.

பிரச்சினை அங்கேதான். நாம் வேகத்தை உணர்வதில்லை, வேகத்தின் மாற்றத்தைத்தான் உணர்கிறோம். காட்பாடியில் நின்று போகும் வந்தே பாரத் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போதும் டீ சிந்துவதில்லை. அதே ஆள் 20 கிலோமீட்டரில் போகும் ஆட்டோவில் ஸ்பீடு பிரேக்கர் மேல் ஏறினால் தலை கூரையில் இடிக்கிறது. வளைவில் திரும்புவதும் ஒரு வேக மாற்றம்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தவரைக் கேட்டால் தெரியும். வளைவு எவ்வளவு இறுக்கமோ, அமுக்கும் விசை அவ்வளவு அதிகம்.

சுத்தமான வட்டத்தில் வண்டி உச்சியில் விழாமல் சுற்றி வர வேண்டுமென்றால், அடியில் நுழையும்போது நல்ல வேகம் வேண்டும். உராய்வையெல்லாம் விட்டுவிட்டு வெறும் இயற்பியல் கணக்குப் போட்டாலே, அடியில் பயணி தன் எடையைப் போல 6 மடங்கு அமுக்கப்படுவார். 60 கிலோ ஆள் 360 கிலோவாக உணர்வார். அதுவும் படிப்படியாக வராது. நேர்ப் பாதை முடிந்து வட்டம் தொடங்கும் அந்த நொடியில் சுளீரென்று வரும். ஃபிளிப் ஃபிளாப்பில் இது 12 மடங்கு வரை போனதாகச் சொல்கிறார்கள். தலையணை வைத்துத் தாங்காத தலை எங்கே போகும்? கழுத்து வலியோடும் சுளுக்கோடும் ஆட்கள் இறங்கினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏறுவதற்குத்தான் ஆள் குறைவு. மற்றவர்கள் சுற்றுவதைப் பார்க்கக் காசு கொடுத்த கூட்டம் பெரியது. வேலூர் கோட்டை மைதானத்துப் பொருட்காட்சியில் மரணக் கிணற்றைச் சுற்றி நிற்கும் கூட்டம் மாதிரிதான். பார்க்க எல்லோருக்கும் ஆசை, பைக் ஓட்ட யாரும் தயாரில்லை. 1901-ல் எட்வின் பிரெஸ்காட் என்பவர் வட்டத்தை நீள்வட்டமாக்கி லூப் த லூப் கட்டினார். கழுத்துக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் ஒரு தடவைக்கு நாலு பேர்தான் ஏற முடியும். வியாபாரம் நிற்கவில்லை, சில ஆண்டுகளில் மூடிவிட்டார்கள்.

அதன் பிறகு சுமார் எழுபது ஆண்டுகள் தலைகீழ் லூப் பக்கம் தொழில் பெரிதாகப் போகவே இல்லை. 1976-ல்தான் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பார்க்கில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டர் வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆன்டன் ஷ்வார்ட்ஸ்காஃபும் பொறியாளர் வெர்னர் ஷ்டெங்கலும் அதில் வட்டத்தைத் தலைகீழான கண்ணீர்த்துளி வடிவமாக மாற்றினார்கள். வண்டி வேகமாக இருக்கும் அடியில் வளைவு அகலம், வேகம் குறையும் உச்சியில் இறுக்கம். விசை திடீரென்று அறையாமல் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இன்று உலகத்தில் எந்த லூப்பையும் தள்ளி நின்று பாருங்கள், அது வட்டமாக இருக்காது.

சிஷ்யர் கழற்றிய கட்டு

தாம்ப்ஸனிடம் 19 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன் இருந்தார். பெயர் ஜான் மில்லர். பிறகு அவருடைய தலைமைப் பொறியாளரானார். குருவின் வண்டியில் இருந்த பலவீனத்தை அருகில் இருந்து பார்த்தவர் என்பதால், அதற்கு மருந்தும் அவரிடமிருந்துதான் வந்தது.

முதலில், ஏற்றத்தில் சங்கிலி அறுந்தால் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் கொக்கி. அந்த டக் டக் சத்தம் இதனுடையதுதான். பயமுறுத்துகிற அந்தச் சத்தம் உண்மையில் காப்பாற்றுகிற சத்தம். அடுத்தது, தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம். மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டால், வண்டி எழும்பி ஓடவே முடியாது.

கேட்க ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் கோஸ்டர் உலகம் அதற்கு முன், அதற்குப் பின் என்று இரண்டாகப் பிரிந்தது. வண்டி பறக்காது என்று உறுதியான பிறகுதான் மேட்டை உயர்த்தவும் சரிவைச் செங்குத்தாக்கவும் முடிந்தது. மேட்டின் உச்சியில் சீட்டிலிருந்து உடம்பு ஒரு கணம் மிதக்கிறதே, வயிற்றுக்குள் எல்லாம் மேலே போவது போல, கோஸ்டர் ரசிகர்கள் உயிரைக் கொடுப்பது அந்த ஒரு கணத்துக்குத்தான். தாம்ப்ஸனின் வண்டியில் அந்தக் கணம் விபத்து. மில்லரின் வண்டியில் அதுவே டிக்கெட்டின் விலை.

இறுக்கிப் பிடித்ததால் வந்த சுதந்திரம் இது. தாம்ப்ஸன் மென்மைக்காகத் த்ரில்லைக் குறைத்தார். ஃபிளிப் ஃபிளாப்காரர்கள் த்ரில்லுக்காகக் கழுத்தைப் பணயம் வைத்தார்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்ற கணக்கே தப்பு என்று காட்டியது அந்த அடிச் சக்கரம். 1920-களில் அமெரிக்கா முழுக்க மரக் கோஸ்டர்கள் முளைத்தன. அது கோஸ்டரின் பொற்காலம்.

தாம்ப்ஸன் அதைப் பார்க்கவில்லை. அடிச் சக்கரத்துக்கு மில்லர் காப்புரிமை பெற்ற அதே 1919-ல், மே 8-ம் தேதி, நியூயார்க் மாநிலம் க்ளென் கோவில் 71 வயதில் காலமானார். புதிய கோஸ்டர்களின் வேகத்துக்கு முன்னால் அவருடைய ஓவியக் குகைகளும் மெதுவான மேடுகளும் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன.

எல்லாமே போய்விடவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், செயின்ட் கில்டா கடற்கரையை ஒட்டிய லூனா பார்க்கில், தாம்ப்ஸன் பாணியில் கட்டிய ஸீனிக் ரயில்வே 1912-லிருந்து இன்றுவரை ஓடுகிறது. அங்கே குடியேறிய தமிழர்களின் பிள்ளைகளும் அதில் ஏறியிருப்பார்கள். மேட்டின் மேல் திரும்பும்போது கடல் தெரியும். வண்டியின் நடுவில் பிரேக்மேன் நின்றுகொண்டே வருகிறார், வளைவு வந்தால் லீவரை இழுக்கிறார்.